இடது சிறுநீரகத்தில் கடல்

பட்டினச்சேரி மணிவேலின் மகள் வெண்மதிக்கு இடது சிறுநீரகத்தில் கடல் ஏறி வற்றியது. வலது சிறுநீரகம் எல்லாருக்கும் இருப்பதுபோல் சும்மா இருந்தது. இது ஏழாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது. காலையில் பார்த்தபோது வயிற்றிலிருந்த குழந்தைக்குச் சுண்டைக்காய் அளவு இருந்த வீக்கம், சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தபோது நெல்லிக்காய் ஆகியிருந்தது. டாக்டர் வினோதா மெஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். மெஷின்மேல் குற்றமில்லை. “சில புள்ளைங்களுக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும். மூத்திரம் இறங்குற வழி குறுகலா இருந்தா சிறுநீரகத்துல தண்ணி தங்கி வீங்கும். நிறையப் பேருக்குத் தானாவே வடிஞ்சிரும். பயப்படாதீங்க, பாத்துக்கிட்டே இருப்போம்” என்றார். பயமே இல்லை என்று சொல்லிவிட்டு, வண்டியை ஆஸ்பத்திரி வாசலிலேயே மறந்துவிட்டு, மனைவி ஜெயப்ரியாவோடு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தான் மணிவேல்.

வெண்மதி நல்ல எடையோடும் அதைவிட நல்ல குரலோடும் பிறந்தாள். முதுகின் இடப்பக்கம் காதை வைத்தால் அலைச் சத்தம் கேட்டது. இரண்டு மாதத்துக்குள், கடலுக்குப் போகிறவர்கள் முதலில் மணிவேல் வீட்டுக்கு வந்து கால் கழுவி, குழந்தையின் முதுகில் காது வைத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. உள்ளே இரைச்சல் பலமாக இருந்தால் அன்றைக்கு வலை கரையிலேயே கிடக்கும். மூன்று படகு வைத்திருந்த தர்மராஜ் மட்டும், “நாப்பது வருசமா கடலுக்குப் போறவன், டயப்பர் கட்டுனதுகிட்ட உத்தரவு கேக்கணுமா?” என்று புறப்பட்டுப் போனார். காற்று அவரைக் கோடியக்கரை வரை கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகு வரிசையில் முதல் ஆள் அவர்தான். குழந்தைக்குச் சில்லென்று இருக்குமே என்று காதை உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வருவார்.

குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது திருமலைராஜன் ஆற்றின் முகத்துவாரத்தை மண் மூடிவிட்டது. உள்ளே நின்ற படகுகள் உள்ளேயே நின்றன. மண் அள்ளும் எந்திரம் வருகிறது, வருகிறது என்றார்கள்; அது வந்துகொண்டே இருந்தது. அதே வாரம் வெண்மதியின் சிறுநீரகத்தில் ஏறிய கடலும் வற்ற மறந்தது. காய்ச்சல் அடித்தது. டாக்டர் கொடுத்த மருந்தில் காய்ச்சல் விட்டது, வீக்கம் விடவில்லை. “அடுத்த வாரமும் வடியலைன்னா புதுச்சேரிக்கு எழுதித் தர்றேன். சின்ன ஆபரேஷன்தான்” என்றார் டாக்டர். இரண்டு முழம்கூட இல்லாத மகளை வைத்துக்கொண்டு எந்த ஆபரேஷனைச் சின்னது என்பது என்று மணிவேலுக்கு விளங்கவில்லை. விளங்குவதற்காக டாக்டர் ஒரு தாளில் குளம் வரைந்தார், குளத்திலிருந்து ஒரு வாய்க்கால் வரைந்தார், வாய்க்கால் தொடங்கும் இடத்தைக் குறுக்கிக் காட்டினார். மணிவேல் தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“இது எங்க ஊரு முகத்துவாரங்க.”

“இல்லைங்க, உதாரணத்துக்குச் சொன்னேன்.”

உதாரணம் என்பது கடலுக்குப் போய்ப் பழக்கமில்லாத சொல். மணிவேல் அதைப் பொருட்படுத்தாமல் நேராக வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்தான்.

“டேய் மணிவேலு, புள்ளைக்கு ஆபரேஷன்னாங்க. நீ எங்கடா மண்வெட்டியோட கெளம்பிட்டே?” என்றார் தர்மராஜ்.

“அதைத்தான் மாமா பண்ணப் போறேன்.”

தர்மராஜ் கொஞ்சம் யோசித்தார். அவருடைய மூன்று படகும் உள்ளே நின்றன. அவரும் ஒரு மண்வெட்டியோடு வந்தார். மத்தியானத்துக்குள் பட்டினச்சேரி முழுக்க மண்ணுக்குள் இறங்கியிருந்தது. ஊரே சேர்ந்து வெட்டியதில், பொழுது சாய்வதற்குள் கடைசித் திட்டும் உடைந்து ஆறு ஹோவென்று கடலுக்குள் பாய்ந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டில் அம்மா மடியிலிருந்த வெண்மதி மூத்திரம் போனாள். புடவை நனைந்தது, பாய் நனைந்தது, நடை தாண்டித் தெருவில் இறங்கி விளக்கு வைக்கிற வரைக்கும் ஓடியது. அதில் மடவை மீன் குஞ்சுகள் துள்ளின. பழுது பார்க்கக் கவிழ்த்து வைத்திருந்த ஃபைபர் படகு ஒன்று தானாக நிமிர்ந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் போய் நின்றது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பிள்ளை மூத்திரம்தானே என்றார்கள்.

அடுத்த ஸ்கேனில் வீக்கம் மறுபடி சுண்டைக்காய் ஆகியிருந்தது. “பாத்தீங்களா, தானாவே வடிய ஆரம்பிச்சிருச்சு” என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். மணிவேல் கொப்புளம் போட்ட கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “ஆமாங்க, தானாவேதான்” என்றான். டாக்டர் மனத்தை எதற்கு நோகடிப்பது? சொன்ன தேதிக்கெல்லாம் தவறாமல் கூட்டிப்போனான். மூன்று வயதில் வீக்கம் இருந்த சுவடே இல்லை. “இனிமே வர வேணாம். மூத்திரம் வந்தா மட்டும் அடக்க விடாதீங்க” என்று அனுப்பிவைத்தார்கள். கடல் சிறுநீரகத்தை விட்டுப் போய்விட்டது. முகத்துவாரம்தான் வெண்மதியை விடவில்லை. அங்கே மண் சேரும், இவள் ஒரு தடவை மூத்திரம் போய்விட்டு வந்தால் கரைந்துவிடும். மண் அள்ளும் எந்திரம் கடைசியில் ஒருநாள் வந்து, வேலை இல்லாமல் திரும்பிப் போனது.

ஒன்றாம் வகுப்பில்தான் சிக்கல் வந்தது. தலத்தெருவிலிருந்து பஸ்ஸில் வரும் ஜெயமேரி டீச்சர், மணி அடிக்கும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். வெண்மதி நல்ல பிள்ளை, அடக்கிக்கொண்டாள். அன்றைக்குக் கடலிலிருந்து திரும்பிய படகுகள் முகத்துவாரத்தில் வழியில்லாமல் வெளியே அலையில் ஆடிக்கொண்டு நின்றன. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் படகில் மணிவேல் இருந்தான். ஜெயப்ரியா பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். “டீச்சர், புள்ளையைக் கொஞ்சம் வெளிய விடுங்க. அவ அப்பா கடல்ல நிக்கிறாரு, உள்ள வர முடியலை.” டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வரிசையாகப் படகுகள். திரும்பி வெண்மதியைப் பார்த்தார். அவள் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“போயிட்டு வா கண்ணு.”

இப்போதெல்லாம் வெண்மதி சுண்டுவிரலைத் தூக்கினால் டீச்சர் காரணம் கேட்பதில்லை. அவள் வெளியே போனதும் படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. டீச்சர் கடைசிப் படகு வரும்வரை ஜன்னலோரம் நின்றுவிட்டு, இரண்டாம் வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.