செத்த கல்

மணிக்காதுக் கொல்லருக்கு மருமகன் மேல் இருந்த ஒரே குறை, அவன் கத்திப் பேசுகிறான் என்பதுதான். மற்றபடி தங்கமான பிள்ளை. பெண்ணைக் கண்கலங்காமல் வைத்திருக்கிறான், தொழிலிலும் கெட்டிக்காரன். ஆனால் மாமனாரைக் கண்டால் மட்டும் தொண்டையைத் திறந்துவிடுவான். மரியாதை தெரியாதவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டோமே என்று மகளிடமே முணுமுணுத்திருக்கிறார். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மருமகன் தனியாகப் பட்டறை போட்டிருந்தான். உலை உண்டு, ஊதுகிற மோட்டார் உண்டு, பட்டறைக்கல்தான் இல்லை. கல் என்பது பேச்சுக்குத்தான்; முழுக்க எஃகு, பழுத்த இரும்பை அதன்மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும். அவனோ ஒரு தண்டவாளத் துண்டின் மேல் வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அடிக்கு அடி அது துள்ளும். சொன்ன நாளில் வேலை முடியாமல், வந்த வாடிக்கையும் கைநழுவிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

புதுக் கல்லுக்கு வசதியில்லை. பழைய கல் என்றால் மாமனார் தட்டிப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சுத்தியலால் ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கணம். நல்ல கல் கணீரென்று பாடும், உள்ளே விரிசல் விட்டது டொக்கென்று நின்றுவிடும்; அதுதான் செத்த கல். அந்தக் காதுக்காகத்தான் மணிக்காது என்று பேரே வந்தது. அவரும் சளைக்காமல் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தார். பார்த்ததெல்லாம் செத்த கல். இரும்பில்கூடக் கலப்படம் வந்துவிட்டது, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று அலுத்துக்கொண்டார்.

அன்று மருமகனோடு போன பழைய இரும்புக் கடையில் அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். லாரியின் வில்பட்டைகளை ஒவ்வொன்றாகச் சாணையில் தொட்டுப் பார்த்தார். பொறி பூப்பூவாக வெடித்தால் உளிக்கு ஆகும், வெறும் கோடாக ஓடினால் கொக்கி அடிக்கத்தான் லாயக்கு. பொறியைப் பார்த்தே பிரித்துப் போட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைக்காரம்மாளே வாய்விட்டுப் பாராட்டினாள். கொல்லருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அப்புறம் மூலையில் கிடந்த கல்லுக்கு வந்தார்கள். கொல்லர் தட்டினார், காதைச் சாய்த்தார். டொக். இன்னொரு தட்டு. அதே டொக். நேற்று வரை இருந்த அலுப்பெல்லாம் சேர்ந்து கோபமாக வந்தது அவருக்கு. சுமை தூக்குகிறவர்கள், லேத்துப் பட்டறைக்காரர் என்று நாலு பேர் நிற்க, விரிசலை வெல்டிங் வைத்து அடைத்துச் சாயம் பூசி வைத்திருக்கிறாள் என்று சத்தம் போட்டார்.

"செத்த கல்லை எங்க தலையில கட்டப் பாக்கறீங்களே, மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?"

கடைக்காரம்மாள் உள்ளே போனாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பேரிங் குண்டை எடுத்து வந்து கல்லின் மேல் விட்டாள். குண்டு ஏறக்குறைய விட்ட உயரத்துக்கே எழும்பியது. விழுந்தது, மறுபடி எழும்பியது. செத்த எஃகாக இருந்தால் பொத்தென்று உட்கார்ந்திருக்கும். அது கொல்லருக்குத் தெரியாததா? அடுத்து சுத்தியலை வாங்கி அவளே ஓங்கி ஒரு போடு போட்டாள். சுமைக்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்துக் காதில் விரலை விட்டுக்கொண்டார்.

கொல்லருக்குக் கேட்டது டொக்.

கடைக்காரம்மாள் மருமகனிடம் ஏதோ சொன்னாள். அவன் பணிவாக, உதடு மட்டும் அசைய, பதில் சொன்னான். அவளுக்கு அது கேட்டது. லேத்துக்காரருக்கும் கேட்டது போலிருக்கிறது, தலையாட்டினார். இவன் ஊர் உலகத்தில் எல்லோரிடமும் மெல்லத்தான் பேசுகிறான், என்னிடம் மட்டும்தான் கத்துகிறான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இது தெரியாமல் அவனுக்கு மரியாதை தெரியாது என்றேனே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

மருமகன் அவர் பக்கம் வந்தான். "போலாம் மாமா," என்றான் உரக்க. "நீங்க செத்த கல்லுன்னா செத்த கல்லுதான். அவங்களும் நமக்குத் தர மாட்டேங்கறாங்க."

கொல்லர் வாசல் வரை போனார். அப்படியே போயிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. தண்டவாளத் துண்டு மேல் மருமகன் கை துள்ளுவது கண்முன் வந்தது. திரும்பினார். அதே நாலு பேர் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அம்மா, கல்லு நல்ல கல்லு. எனக்குத்தான் காது போச்சு. உங்களைத் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க. என்மேல இருக்கற கோவத்துல பிள்ளைக்கு இல்லைன்னு சொல்லிடாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. கடைக்காரம்மாள் சுமைக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள், அவர்கள் கல்லைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

வண்டி கிளம்பிய பிறகு, முன்னே தள்ளிவிட்ட கல்லெல்லாம் எப்படி என்று கொல்லர் கேட்டார். எல்லாமே நல்ல கல்தான் என்றான் மருமகன், மறைக்காமல். கொல்லரின் மனைவிக்கும் தெரியும், அவர் மனசு உடைந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லையாம்.

ஒரு தையல்காரர் வீட்டில் பார்த்த கல் கொல்லர் நினைவுக்கு வந்தது; தையல்காரரின் அப்பா கொல்லராக இருந்தவர். செத்த கல் என்று நிரூபிக்க, அதன் ஓரத்தில் ஓங்கி அடித்து, செதில் தெறிப்பதைக் காட்டியிருந்தார். உரமேறிய நல்ல எஃகும் அப்படித்தான் தெறிக்கும். தையல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இவரும் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

"அந்தத் தையல்காரர் என்கிட்ட என்ன சொன்னாரு மாப்ள?"

"அதை விடுங்க மாமா."

"சொல்லுங்க."

மருமகன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"எங்கப்பா செத்த பிறகு அவர் கைபட்டதுன்னு வீட்ல இது ஒண்ணுதான் இருக்கு, இதையும் உடைச்சிட்டீங்களேன்னு அழுதாரு."

"நான் என்ன சொன்னேன்?"

அவன் அவர் பக்கம் குனிந்தான். பிறகு அவர் காதுக்கு எட்டும்படி சொன்னான்.

"நல்லதாப் போச்சுன்னு சொன்னீங்க மாமா."