விழிக்காத சுரப்பி

டேனியலின் மனைவி சுகாசினிக்கு, இடது சிறுநீரகத்தின் மேலிருந்த அட்ரினல் சுரப்பியைக் கட்டியோடு எடுத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. அந்தக் கட்டி அளவுக்கு மீறிச் சுரந்த காலமெல்லாம் வலது சுரப்பி வேலையில்லாமல் சுருங்கிக் கிடந்திருந்தது. அது விழிக்கும்வரை தினமும் ஸ்டீராய்டு மாத்திரை. இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தும், "இன்னும் விழிக்கலை" என்றுதான் டாக்டரம்மா சொன்னார்.

"இப்படிக் கெடக்கறதுக்கு என்னைப் பொதைச்சிடலாம்பா," என்று சுகாசினி மூட்டுவலியில் அழுத அன்று, ஐயம்பேட்டை ஸ்டாண்டில் தன் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேரக் காத்திருந்த டேனியல் போனில் ஒரு வீடியோ பார்த்தான். சுரப்பியின் தோலுக்கடியில் விதை மாதிரி ஸ்டெம் செல்கள் உண்டு, அவைதான் புதுச் செல்களை உண்டாக்கும், வெளியிலிருந்து மாத்திரை வருகிறவரை அவற்றுக்குத் தூக்கம்தான் என்றது அது. பசித்தால்தானே எழும் என்று அவனாக முடிவு கட்டினான். சொன்னால் அவள் பயப்படுவாள். மறுநாளிலிருந்து, ஸ்டீராய்டுக்குப் பதிலாக, பார்க்க அதே மாதிரி வெள்ளையாக இருந்த ஒரு சத்து மாத்திரையைக் கொடுத்தான்.

மூன்றாம் நாள் காலை அவள் வாந்தியெடுத்துச் சரிந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. மாமியார் லோகாம்பாள் மடியில் அவளைக் கிடத்தி, காந்தி ரோட்டில் பட்டுக்கடை வாசலை அடைத்து நின்ற டூரிஸ்ட் பஸ்களுக்கிடையே புகுந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவை ஓட்டினான்.

"பிரஷர் இறங்கிட்டே போகுது. மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிட்டாங்களா?" என்றார் அவசரப் பிரிவு டாக்டர்.

"ஒரு வேளை தவறுனதில்ல சார். எங்க மாப்ள தங்கம். அவரே கையில குடுப்பாரு," என்றாள் லோகாம்பாள்.

டேனியல் கட்டிலின் பக்கம் திரும்பினான். சுகாசினியின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

"இல்ல சார். ஸ்டீராய்டு மாத்திரையை மூணு நாளா நான் குடுக்கல. வேற ஒண்ணைக் குடுத்து ஏமாத்திக்கினு இருந்தேன். அவளுக்குத் தெரியாது."

நர்ஸ் ஊசி எடுக்க ஓடினாள். லோகாம்பாள் ஓங்கி அறைந்தாள். அவன் கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

மத்தியானம் சுகாசினி கண் திறந்தாள். டாக்டரம்மா வந்து அவனைத் தனியே அழைத்தார். வீடியோவைப் பற்றி அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீங்க பார்த்தது முழுப் பொய்யில்ல. அந்தச் செல்லுங்க இருக்குது. ஆனா அதுங்க எழுந்து வேலைக்கு வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் மாத்திரைதான் இவங்களுக்கு உயிர். குறைக்கறதும் நாங்க கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைப்போம்."

"எழும்தானே டாக்டர்?"

"எழலாம். தேதி சொல்ல முடியாது."

டேனியல் கட்டிலருகே போய் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னான்.

"கேட்டிருந்தா நானே நிறுத்தியிருப்பேன்பா," என்றாள் அவள். "கேக்காம செஞ்சியே, அதான் தாங்கல."

வீட்டுக்கு வந்தபின் ஒரு மாதம் அவள் அவனோடு பேசவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு அம்மாவோடு பஸ்ஸில் போனாள். அதிலும் சுரப்பி எழவில்லை என்பதை லோகாம்பாள் சொல்லித்தான் அவன் தெரிந்துகொண்டான்.