127 என்று தொடங்கும் வரி

என் தம்பி அந்தக் கைக்கணினியை வாங்கிய வருடத்தில்தான் நாங்கள் இருவரும் அதிகம் சிரித்தோம். உள்ளங்கை அளவுதான், தள்ளினால் அடியிலிருந்து விசைப்பலகை வரும். உள்ளே ஓடியது லினக்ஸ் என்ற இயங்குதளம். எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் தொப்பை குறைக்கும் பெல்ட் விளம்பரம்தான் முதலில் வந்து நிற்கும். அந்தப் பொடித் திரையில் அது போக மிச்சம் இரண்டு வரி.

தம்பிக்குப் பொறுக்காது. ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து, விளம்பரம் அனுப்பும் தளத்தின் பெயரை எழுதி, முன்னால் 127.0.0.1 என்று போடுவான். அது அந்தக் கருவியின் சொந்த முகவரி. விளம்பரத்தைத் தேடிப் போகிற கருவி தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். மருந்துக்கடை வேலை முடிந்து நான் வந்ததும் வேலை ஆரம்பம். நான் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்க, அவன் தட்டுவான்.

"மெதுவா சொல்லுக்கா, ரயிலா போயிடப் போகுது?"

"டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவ நான். உன் விரல்தான்டா மந்தம்."

நானூறு பெயருக்கு மேல் சேர்த்தோம். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

பிறகு அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. கருவியை என்னிடம் கொடுத்து, ஓர் இலவசத் தளத்தில் தனக்கென ஒரு பக்கமும் தொடங்கினான். "வாராவாரம் எழுதுறேன்க்கா. கீழே பதில் போடு."

முதல் கடிதத்தைப் படித்துப் பதில் போட்டேன். இரண்டாவதின் மேல் ஒரு சூதாட்ட விளம்பரம் ஏறிக் குதித்தது. விடுவேனா? முகவரியில் தெரிந்த பெயரை அப்படியே கோப்பில் ஏற்றிவிட்டு மூடினேன். தனியாகவே செய்துவிட்டேன் என்று பெருமை வேறு.

அடுத்த வாரம், 'பக்கத்தைத் திறக்க முடியவில்லை' என்றது. அதற்கடுத்த வாரமும் அதேதான். வெளிநாட்டைப் பார்த்ததும் அக்காவை மறந்து, பக்கத்தையே மூடிவிட்டான் என்று முடிவு கட்டினேன். மூன்று மாதம் கழித்துத் துறைமுகத்திலிருந்து போன் செய்தான். நானாகக் கேட்பேனா? "நல்லா இருக்கேன்" என்று வைத்துவிட்டேன். பிறகு அவன் அந்தத் துறைமுக ஊரிலேயே கல்யாணம் செய்து வீடும் கட்டினான். விடுமுறைக்கு வந்தாலும் அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

பதினாறு வருடம் கழித்து, போன வாரம், விடுமுறைக்கு வந்து அலமாரியைக் குடைந்த தம்பி கருவியை எடுத்துச் சார்ஜ் போட்டான். கோப்பைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவன் கடைசி வரியில் நின்றுவிட்டான்.

"இது யாரு போட்டது?"

"நான்தான். ஏன், தப்பா?"

"இது விளம்பரம் இல்லக்கா. என் பக்கம் இருந்த தளமே இதுதான்."

"அப்போ நீ எழுதினியா?"

"நாப்பது வாரம். கடைசியில, 'இங்க முடியலக்கா, வேலையை விட்டுட்டு வந்துடட்டுமா'ன்னு கேட்டேன். நீ வான்னா வந்திருப்பேன். பதிலே இல்ல. கோவத்துல இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கப்பல் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டேன்."

அந்தத் தளத்தை இழுத்து மூடியும் பல வருடமாகிறதாம். அவன் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட இனி நான் படிக்க முடியாது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துடுடா" என்றேன்.

பக்கத்து அறையில் அவன் மனைவி பிள்ளைகளின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் அவர்களுக்கு விமானம்.