நாற்பதாம் நாள் பெட்டி

புதுமடத்தில் ஹசன் அலி வீட்டில் இருபத்தேழு வருடமாக யாரும் கரண்டியைத் தேடியதில்லை. கரண்டிதான் அவர்களைத் தேடி வரும். அவர் மனைவி ஜுனைதா அடுப்படியில் கையை நீட்டினால் போதும், இரும்புக் கரண்டி மேடையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து உள்ளங்கையில் உட்காரும். சாவி தொலையாது, ஊசி தொலையாது. மகள் ஜுவைரியா முக்காட்டில் பின்னூசி குத்தியதே கிடையாது. பின்னைக் கிட்டத்தில் காட்டினால் அதுவாகப் போய் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பார்த்த வேலை. இறைக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். வாளியில் அரை மணி நேரம் நின்றால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். அம்புட்டு இரும்பு. அதைக் குடித்து வளர்ந்த உடம்பு வேறு எப்படி இருக்கும்? ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் மட்டும் திசைகாட்டியோடு அந்தத் தெருவில் நடக்க மாட்டார்கள். சுஐபு ஒருமுறை மறந்துபோய் நடந்துவிட்டார். அன்றைக்கு முள்ளை நம்பி, தெற்கே போவதாக நினைத்து மூன்று மணி நேரம் படகு ஓட்டி, ஹசன் அலி வீட்டுக் கொல்லைக்கு நேரே கரையில் வந்து ஒதுங்கினார்.

தொந்தரவு ஜுவைரியாவின் கல்யாணத்தில்தான் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் நிக்காஹ் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார், அந்தப் பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் குடித்தனம். மாப்பிள்ளை பெரியபட்டினத்து அஃப்ரித்துக்குத் துபாயில் வேலை, நாற்பது நாள் லீவு, வெள்ளையைத் தவிர வேறு நிறம் உடுத்தாத மனுசர். பெரிய பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினார். ஒரே வாரத்தில் ஏழு பனியன், நாலு சட்டை, இரண்டு தொப்பி எல்லாம் காவி. வெள்ளிக்கிழமை விருந்துக்கு வந்த அவருடைய உம்மா சுலைகா பீவி கொடியில் காய்ந்ததைப் பார்த்து, "யா அல்லா! எம்புள்ள என்ன பழனிக்கா நடக்குறான்?" என்று நெஞ்சில் கை வைத்தார். அவர் கண் முன்னாலேயே ஒரு கரண்டி பறந்து சம்பந்தியம்மா கைக்குப் போனது வேறு. சாப்பிட்டு முடித்து, கை கழுவிய தண்ணீரையும் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரே முடிவாகச் சொன்னார்: "நாப்பதாம் நாள் ஆட்டோவோட வாரேன். அதுக்குள்ள தண்ணி வெளுக்கணும். இல்லைன்னா பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவேன். ஒங்க மக வேணும்னா பின்னாடியே வரட்டும்."

பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளைப் பெட்டி திரும்பிப் போவதாவது! ஹசன் அலிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஜுவைரியாவுக்கோ அதைவிட. பிறந்த வீட்டை விட்டு ஒருநாள் இருந்தறியாதவள், வாளித் தண்ணீரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். அஃப்ரித் மட்டும் உம்மாவை எதிர்த்தும் பேசவில்லை, ஆமோதித்தும் பேசவில்லை. ஆனால் ஒன்று. அந்த வீட்டில் நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரே ஒரு இரும்பு நாற்காலியும் இருந்தன. மாப்பிள்ளை ஏனோ இரும்பு நாற்காலியில்தான் உட்காருவார். ஜுவைரியா எந்தப் பக்கம் நிற்கிறாளோ அந்தப் பக்கமாக அது மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அவர் பேப்பர் படிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

தண்ணீரைச் சரிபண்ண நயினார்கோவிலிலிருந்து நாகநாதன் வந்தார். கிணறு, மோட்டார், வடிகட்டி எல்லாம் தெரிந்தவர். "பாய், இரும்பு தண்ணிக்குள்ள கரைஞ்சு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. நல்லாக் காத்துப் படவிட்டா துருவாகி வெளிய வந்துரும், மணல் புடிச்சுக்கிரும். அம்புட்டுத்தான் சூட்சுமம்" என்றார். மாடியில் ஒரு பைப்பில் முன்னூறு ஓட்டை போட்டுக் குறுக்கே கட்டினார். மோட்டார் ஏற்றும் தண்ணீர் அதன் வழியாகத் தூறலாக விழுந்து, கீழே டிரம்மில் கூழாங்கல், கரி, மணல் என்று இறங்கிக் குழாய்க்கு வர வேண்டும். கட்டி முடித்துவிட்டு அடுத்த ஊர் வேலைக்குப் போய்விட்டார். பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று, தண்ணீர் அதே தேத்தண்ணி. ஹசன் அலி போனில் நாகநாதனை வாய்க்கு வந்தபடி ஏசினார். நாகநாதன் தன் தொழிலின் மேல் சத்தியம் செய்தார்.

முப்பத்தாறாம் நாள் காலையில் ஜுவைரியா மாடியேறிப் பார்த்தாள். பைப்பில் ஒரு ஓட்டைகூட இல்லை. ஹசன் அலி நாற்பது வருடம் வள்ளங்களுக்கு ஓட்டை அடைத்தவர். பலகைச் சந்தில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் பூசினால் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது, அப்படிப்பட்ட கை. நாகநாதன் தெருமுனை தாண்டியதுமே மேலே ஏறி முன்னூறு ஓட்டையையும் அடைத்துவிட்டார். ஓரமாக ஒரு வாய் மட்டும் விட்டு டிரம்முக்குக் குழாய் மாட்டி, தூசி விழக்கூடாதென்று டிரம் மூடியையும் சுற்றிப் பூசியிருந்தார். காற்று எந்தப் பக்கமாக வரும்?

"வாப்பா, இது பைப்பு! வள்ளமில்ல!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இம்புட்டு ஓட்டையப் பாத்துட்டு மனுசன் எப்படித்தான் சும்மா இருக்குறது?" என்றார் ஹசன் அலி. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. பெற்ற மகளின் குடித்தனத்தைத் தன் கையாலேயே அடைத்துவிட்டோமே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ஜுவைரியா முக்காட்டுப் பின்னை எடுத்து முன்னூறு ஓட்டையையும் குத்தித் திறந்தாள். அஃப்ரித் ஏணியைப் பிடித்துக்கொண்டார். தகவல் தெரிந்து ஓடி வந்த நாகநாதன் தூறலைப் பார்த்தார், மணலைக் கிளறிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "மணல் பழகணும்மா. ஒரு வாரமாச்சும் ஆகும்." மிச்சம் இருந்தது நாலு நாள்.

நாற்பதாம் நாள் சுலைகா பீவி சொன்னபடி ஆட்டோவில் வந்தார், கூட இரண்டு சொந்தக்காரர்கள். ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தார். முன்னைக்கு வெளிறியிருந்தது, ஆனாலும் வெள்ளை என்று சொல்ல முடியாது. "பெட்டியத் தூக்குங்கப்பா" என்றார். ஜுவைரியா கதவுக்குப் பின்னால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஆட்டோக்காரருமாகப் பெட்டியை வாசல்வரை கொண்டுவந்தார்கள். பின்பக்கக் கைப்பிடியை அஃப்ரித் பிடித்துக்கொண்டார். நிலைப்படிக்குப் பக்கத்தில் வந்ததும் பெட்டி நின்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். ம்ஹூம். ஒரு விரற்கடை நகரவில்லை.

"இரும்பு இழுக்குது! இந்த வீட்டு இரும்பு விடாது!" என்று தெருவே கூடிவிட்டது.

டிரம்மில் மணல் கழுவிக்கொண்டிருந்த நாகநாதன் கையைத் துடைத்தபடி வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஃபைபர் பெட்டி. பூட்டு பிளாஸ்டிக், சக்கரம் பிளாஸ்டிக், மருந்துக்குக்கூட ஒரு ஆணி கிடையாது. பின்பக்கம் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை இரண்டு குதிகாலையும் சுவரில் முட்டுக் கொடுத்து, கழுத்து நரம்பு புடைக்க, கைப்பிடியை வீட்டுப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாகநாதன் சுலைகா பீவி பக்கம் திரும்பித் துண்டை உதறினார். "வீணா இழுக்காதீங்கம்மா. இருபது வருசமா இந்த வேலை பாக்குறேன், இம்புட்டு இரும்ப நான் எங்கயும் பாத்ததில்ல."

சுலைகா பீவி மகன் முகத்தைப் பார்த்தார், கதவிடுக்கில் தெரிந்த முக்காட்டைப் பார்த்தார். "அப்ப இங்கனயே கெடக்கட்டும்" என்று ஆட்டோவில் ஏறிவிட்டார்.

மறுநாள் துபாய்க்குக் கிளம்பும்போது அஃப்ரித் பெட்டியை எடுக்கக் குனிந்தார். யாரும் பிடிக்கவில்லை, பெட்டியும் வரவில்லை. இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, துணிகளைக் கட்டைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். நாற்பத்துமூன்றாம் நாள் தண்ணீர் சுத்தமாக வெளுத்தது. ஒரு வருடத்தில் அந்த வீட்டு உடம்புகளிலிருந்தும் இரும்பு இறங்கிவிட்டது. ஜுனைதா இப்போது நாளைக்கு நாலு தடவை கரண்டியைத் தேடி வீட்டில் உள்ளவர்களை வைகிறார். லீவுக்கு வரும் மாப்பிள்ளை இரும்பு நாற்காலியைத் தானே காலால் தள்ளிக்கொண்டு போகிறார். பெட்டி மட்டும் நிலைப்படிக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறார்கள். ஜுவைரியா அதன் மேல் வெள்ளைப் பனியன்களை மடித்து வைக்கிறாள்.