ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு முகமூடி

நாற்பத்தொரு வயதில் பெயின்ட்போல் என்கிற விளையாட்டை விளையாடப் போவதென்று முடிவெடுத்ததைக் கிருஷ்ணராஜ் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு வருடமாக அவனே அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தான்.

கண்டி மாநகர சபையில், வீதி விளக்குப் பிரிவில் அவன் எழுதுவினைஞன். மனைவி சஞ்சீவனிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. ஒருமுறை, உடன் வேலை செய்பவர்களோடு சுற்றுலா போனபோது, ஆளை ஆள் சாயக் குண்டால் சுடுகிற அந்த விளையாட்டு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதன்பிறகு ஞாயிறு தவறாமல் கலகெதரப் பக்கம் இருக்கும் மைதானத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். பின்னேரம் முழங்கையில் நீலம் பாரித்த அடியோடும் தலைமுடியில் காய்ந்த பச்சைச் சாயத்தோடும் வந்து நிற்பாள். அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வாயெடுத்தால், "பட்டாளத்துக்காரி வந்துட்டா! மொதல்ல சோத்தப் போடு" என்பான் கிருஷ்ணராஜ். ஆரம்பத்தில் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மூன்று மாதமாக அவள் சிரிப்பதில்லை. சண்டையும் போடுவதில்லை. தேத்தண்ணீர் ஊற்றித் தருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். "ஒரு நாளாவது வந்து பாருங்களேன்" என்று முன்பெல்லாம் கெஞ்சுவாள். அது நின்றுபோனதைக் கவனிக்கவே அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது.

எனவே ஒரு சனிக்கிழமை காலை, முடிவெட்டப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு அக்குறணைக்குப் பஸ் ஏறினான். சாமானெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் அவளுக்கு முன்னால் உடுத்தித் தயாராகி நிற்பது அவன் திட்டம். அவள் முகம் எப்படி மாறும் என்பதைப் பஸ்ஸிலேயே பலமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டான்.

அவன் போனது, அந்த ஊரில் அடிக்கடி வரும் வெள்ளத்துக்குப் பயந்து மேல்மாடிக்கு ஏறிவிட்ட ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு. ரஸீன் என்ற இளைஞனுடையது. சஞ்சீவனி போகும் மைதானத்தை நடத்துவதும் அவன்தான்.

"அண்ணன் புதுசா?" என்றான் ரஸீன்.

"ஆமாங்க. ஒண்ணுமே தெரியாது. துப்பாக்கில இருந்து எல்லாம் வேணும்."

"அத நாங்க மார்க்கர் எண்டு தான் செல்ற. இப்ப அது வாங்க வேணாம். மைதானத்துல வாடகைக்கு ஈக்கி. நாலஞ்சு தரம் அடிச்சுப் பாத்தா, கைக்கு எது சரிவரும் எண்டு ஒங்களுக்கே விளங்கும். மொதல்ல மாஸ்க் எடுங்க. கண் விசயத்துல மட்டும் லேசுபாசா ஈக்க ஏலாது."

முதலில் போட்டது மூக்கை நசுக்கியது. அடுத்தது அவனுடைய மூக்குக்கண்ணாடியைப் பொட்டில் அழுத்தியது. மூன்றாவதைப் போட்டதும், "நல்லா மூச்சு விடுங்க" என்றான் ரஸீன். விட்டான். எதிரே இருந்த ரஸீன் புகைக்குள் மறைந்து போனான்.

"பாத்தீங்களா? ஒத்தக் கண்ணாடி மூச்சு பட்டா மங்கும். ரெட்டைக் கண்ணாடி வெச்சது எடுங்க. பொறகு கையுறை. கழுத்துக்கு ஒரு பட்டி. கழுத்துல பட்டா அண்ணன், உசிரு போய் வரும்."

கிருஷ்ணராஜ் வாய்விட்டுச் சிரித்தான். கையுறையைப் போட்டு விரல்களை மடக்கிப் பார்த்தான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது.

"ரெட்டைக் கண்ணாடியில ஒண்ணே ஒண்ணு தான் ஈக்கி. ஒத்தர் பாவிச்சுட்டு விக்கத் தந்தது. ஆனா நல்ல கவனமா வெச்சிருந்தாங்க" என்று சொல்லி, மேசைக்குக் கீழேயிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வைத்தான் ரஸீன்.

மயில்நீலத் துணிப்பை. கிருஷ்ணராஜின் படுக்கையறைத் திரைச்சீலையில் மிஞ்சிய துணி.

உள்ளேயிருந்து முகமூடி வந்தது. அதன் பட்டியில் வெள்ளை மையால் 'சஞ்சீ' என்று எழுதியிருந்தது.

"இது யாரோடது?" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"சஞ்சீவனி மிஸ்ஸிட. எங்கட டீம்ல அவங்களப் போல ஒத்தர் இல்ல. நாங்க ஆம்பளயள் மறஞ்சு நிக்க, அவங்க முன்னுக்குப் போவாங்க. போன ஞாயிறு தான் கடைசி ஆட்டம். அடுத்த மாசம் மஸ்கட் போறாங்க, அங்க ஆஸ்பத்திரில வேல கெடச்சீக்கி. நாங்க கேக் எல்லாம் வெட்டின."

"தனியாவா?"

"ஓ, தனியத்தான். வீட்டுக்காரர் ஈக்காராம். அவரப் பத்தி மிஸ் பேசுறதே இல்ல." சொல்லிக்கொண்டே ரஸீன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். கேக்குக்குப் பின்னால், நெற்றியில் மஞ்சள் சாயம் வழிய, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள் சஞ்சீவனி. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"போட்டுப் பாருங்க அண்ணன்."

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே போட்டுக்கொண்டான். உள்ளே அவள் தலைக்கு வைக்கிற எண்ணெயின் வாசம். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கி, முகமூடிக்குள்ளேயே தேங்கியது.

"அளவு சரியா?"

தலையை ஆட்டினான். திரும்பி நின்று அதைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பொறவு வர்றேங்க" என்று படியிறங்கினான்.

வீட்டுக்கு வந்தபோது சஞ்சீவனி துணிக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தாள். வெட்டாத அவன் தலைமுடியைப் பார்த்தாள்.

"அக்குறணைக்குப் போனேன். ரஸீன் கடைக்கு" என்றான்.

அவள் அயனை நிறுத்தினாள்.

"உன் மாஸ்க்க எனக்கு விக்கப் பாத்தான். நான் யாருன்னு அவனுக்குத் தெரியல."

"நீங்க எதுக்கு அங்க போனீங்க?"

"நாளைக்கு உன்கூட வரலாம்னு."

அவள் கதிரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். கோபப்படுவாள் என்று நினைத்திருந்தான். அவள் தோள் குலுங்க அழுதாள்.

"மூணு தடவ சொல்ல வந்தேங்க. ஒரு தடவ டீவி சத்தத்தக் கூட்டினீங்க. ஒரு தடவ பேசிட்டிருக்கப்பவே தூங்கிட்டீங்க. மூணாவது தடவ, நான் வாயத் தொறக்க முன்னயே பட்டாளத்துக்காரின்னு கூப்பிட்டீங்க. மறுநாளே மஸ்கட் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"போகாதன்னு சொன்னா?"

"சொல்லாதீங்க. தயவுசெஞ்சு சொல்லாதீங்க."

அவன் அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். "அப்ப நீ போறதுக்குள்ள, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போவோமா? எல்லாத்தையும் வாடகைக்கு எடுத்துக்கலாம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் தலையில் கையை வைத்தாள்.

"வேணாங்க. ரெண்டு வருஷமா நான் நானா இருந்த எடம் அது ஒண்ணுதான். இப்ப நீங்களும் வந்து, அதுவும் நல்லா இருந்துச்சுன்னா, நான் எப்பிடிங்க போறது?"

மறுமாதம் பதினான்காம் தேதி அவளைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனான். வேலை ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு. அது முடிந்ததும் வருவாயா என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

வாசலில் அவன் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டு, "பிரஷர் குளிசைய மறக்காதீங்க" என்றாள். அவன் தலையாட்டினான். பையை இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனாள்.

கூட்டத்துக்குள் மறையுமுன் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறான். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.