தொண்ணூற்று நான்கு சதவீதம்

போன மாதம் முழுக்கச் சிவசக்திக்குத் தலைகால் புரியவில்லை. பதுளையில் ஆராய்ச்சி மாணவி அவள். பழைய சோதனை முடிவுகளை ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டருக்குக் காட்டிப் பழக்கி, எந்த மூலக்கூறு மருந்தாகும் என்று கணிக்க வைப்பது வேலை. லுணுகலைப் பக்கம் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் வேலியோரம் படரும் ஒரு கொடியிலுள்ள மூலக்கூறு, சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, ஆகும் என்றது கம்ப்யூட்டர். அதன் கணிப்பு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு தடவை சரி.

தோட்டத்துக் கோயிலில் அவளுக்கு மாலை போட்டார்கள். அந்தத் தொண்ணூற்று நான்கை மைக்கில் சொன்னாள். "அப்ப மருந்து கெடைச்சிருச்சுங்களா?" என்று ஒருவர் கேட்டார். இன்னும் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கைதட்டல் இனித்தது, சிரித்து மழுப்பினாள்.

நேற்றுத்தான் பிசகு பிடிபட்டது. பழக்கக் கொடுத்த மூலக்கூறுகளே சோதித்துப் பார்க்கும் பட்டியலிலும் கிடந்தன. வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதிய கதை. அவற்றை நீக்கி ஓட்டினால் ஐம்பத்து மூன்று. காசைச் சுண்டிப் பார்த்திருக்கலாம்.

இன்று முதல் பஸ்ஸில் தோட்டத்துக்கு வந்தாள். ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு கூடியிருந்தது. ஓரமாக, காலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தாள் அத்தை இராக்கம்மா.

"புண்ணு ஆறல தாயி. கிளினிக் மாத்திரைய நிறுத்திட்டு உன் கொடித்தண்ணிதான் குடிக்கிறேன். ஆறிரும்."

"அத்தே, நான் சொன்னது தப்பு. அது மருந்தே இல்ல."

அத்தை சுற்றும்முற்றும் பார்த்தாள். "மெதுவா பேசு. ஆளுங்க உன்னய எளக்காரமா நெனப்பாங்க. நான் நிறுத்திக்கிறேன், விடு."

அதற்குமேல் சிவசக்தியால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கங்காணியிடம் கேட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் நின்றாள்.

"நான் கோயில்ல சொன்னது தப்புங்க. அந்தக் கொடி மருந்துன்னு யாரும் சோதிச்சுப் பாக்கல. தெரிஞ்சே சும்மா இருந்துட்டேன். குடிக்காதீங்க, மாத்திரைய விடாதீங்க."

யாரும் ஏசவில்லை. ஒரு பெண் கூடையிலிருந்து போத்தலை எடுத்துப் பச்சைநிறக் கொடித்தண்ணீரை வடிகால் கானில் ஊற்றினாள். பிறகு இன்னொருத்தி. அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கி, சிவசக்தி போத்தல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியாகக் கவிழ்ந்த போத்தலைப் பிடித்திருந்தது அம்மாவின் கை. அம்மாவுக்குச் சீனி இருப்பதையே, படிப்புக் கெடும் என்று, சிவசக்தியிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.