கட்டைவிரல் பதிந்த தளம்

ஓவர்சியர் அப்துல் சுக்கூர் சாரப் பலகையில் முட்டிபோட்டுக் குனிந்து, கூரைத் தளத்தின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நகம் மறையும் வரை விரல் உள்ளே போயிற்று. எடுத்தபோது ரேகையோடு ஒரு குழி தெரிந்தது.

"ஆரோக்கியதாஸ், இது என்னைக்குப் போட்ட காங்கிரீட்டு?"

"முந்தாநாள் சார்" என்றேன்.

"முந்தாநாள் போட்டதுல இன்னைக்கு நடந்தா செருப்புச் சத்தம் கேக்கணும்யா. இது களி மாதிரி இருக்கு."

திண்டுக்கல்லைத் தாண்டி வேடசந்தூர் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்காகக் கட்டிக்கொண்டிருந்த கூடம் அது. நடுவில் தூண் கிடையாது, மர உத்திரம் கிடையாது. கம்பிக்கட்டு உத்திரமும் தளமும் ஒரே வார்ப்பு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பொதுப்பணித் துறையில் காண்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்கி நான் எடுத்த முதல் வேலையும் அதுதான். அதுவரை அடுத்தவர் லைசென்ஸின் கீழ் செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கு உத்திரமும் வைத்துக் கட்டியவன் நான். இந்தத் தளம் நிற்காவிட்டால் லைசென்ஸ் நிற்காது. சிமென்ட் சர்க்கார் பர்மிட்டில் அளந்துதான் கிடைத்துக்கொண்டிருந்த காலம். உடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

ஓவர்சியர் மிச்சமிருந்த மூட்டையைப் பிரித்து சிமென்ட்டை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். மணலைப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. அப்போதுதான் நான் எறும்புகளைக் கண்டேன். தரையிலிருந்து, தளத்தைத் தாங்க நிறுத்திய ஒரு சவுக்கு முட்டின் வழியாக ஏறி, பலகை இடுக்கில் நுழைந்து, தளத்தின் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடாகப் போய்க்கொண்டிருந்தன.

விளிம்பில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தேன். சிமென்ட்டின் காரலுக்குப் பின்னால் இனிப்பு இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. கீழே இறங்கி, சித்தாள்களின் தலைவி ஜக்கம்மாளைக் கூப்பிட்டேன். சுண்ணாம்புத் தளம் போடும்போது பெண்களை வரிசையாக உட்காரவைத்து, பாட்டுப் பாடிக் கட்டையால் தளம் அடிக்க வைப்பவள் அவள்தான். அடிக்க அடிக்க, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். அந்தத் தண்ணீரைப் பதம் பார்த்துக் காய்ச்சுவதும் அவள் பொறுப்பு.

"ஜக்கம்மா, கலவைத் தண்ணியில என்ன ஊத்துன?"

"கருப்பட்டித் தண்ணிதான் மொதலாளி." அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. "நீங்க இந்த வாட்டி வாங்கித் தரலை. மொத வேலை, அலைச்சல்ல மறந்துட்டீகன்னு நெனச்சேன். வீட்டுல இருந்து நானே கொண்டாந்து காய்ச்சி டிரம்முல ஊத்துனேன். கல்லு மாதிரி நிக்கணும்ல."

கொத்தனார் ராமர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடி கூறுகெட்டவளே, காங்கிரீட்டு போடச் சொன்னா பணியாரமா சுட்டு வச்சிருக்க? எறும்பு பந்தி போட்டு உக்காந்திருச்சு பாரு."

"நீ பேசாதண்ணே. நாப்பது வருசமா நீ கட்டுன செவரெல்லாம் யாரு காய்ச்சுன தண்ணியில நிக்குது?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. சுண்ணாம்புக்குக் கருப்பட்டி உயிர். சிமென்ட்டுக்கு அது என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

என் பின்னாலேயே இறங்கி வந்திருந்த ஓவர்சியருக்குத் தெரிந்திருந்தது. "சர்க்கரை பட்டா சிமென்ட்டு இறுகாது" என்றார். ஜக்கம்மாளின் முகம் சுருங்கியது. அவர் அவளைத் திட்டவில்லை, என் பக்கம் திரும்பினார். "பாதி இறுகி நின்னா உடைக்கிறது கஷ்டம். இப்பவே வழிச்சுத் தள்ளிருங்க."

"இறுகவே இறுகாதா சார்?"

அவர் யோசித்தார். நல்ல மனிதர், தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டார். "கொஞ்சமா இருந்தா தாமதமாகும், அம்புட்டுத்தான். அதிகமா இருந்தா என்னைக்கும் இறுகாது."

"இது கொஞ்சமா, அதிகமா?"

"அது அந்தம்மாவுக்குத்தான் தெரியும்."

எல்லோரும் ஜக்கம்மாளைப் பார்த்தோம். "கைக்கு வந்ததப் போட்டேன்" என்றாள் மெதுவாக.

நடந்ததை அப்படியே மேலதிகாரிக்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்றார் ஓவர்சியர். எழுதுங்கள் என்றேன். மதுரையிலிருந்து என்ஜினீயர் வந்து பார்க்கும்வரை தளத்தைத் தொடாமல் வைத்திருக்க அனுமதி கேட்டேன். தலையசைத்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்தோம். நான் கூடத்துக்குள் போய் முட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வேன். சவுக்கங்காட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தலைக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே கல்லும் இல்லாத சேறும் இல்லாத ஏதோ ஒன்று. மில் பஸ் சாலையில் போகும் சத்தம் கேட்கும், பிறகு அதுவும் இருக்காது. ஜக்கம்மாள் வாசலில் வந்து நின்று பார்ப்பாள்.

அப்படி உட்கார்ந்திருக்கையில் எனக்குள் பயம் மெல்லக் குறைந்து வேறொன்று வந்தது. இத்தனை வருடம் கட்டடம் கட்டுபவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டேன். நான் செய்ததெல்லாம் பொருளைக் கொண்டுவந்து சேர்த்து வைத்ததுதான். அதற்கப்புறம் அது தானாகத்தான் இறுகிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காத இடத்தில், யாரையும் கேட்காமல். இவ்வளவு நாளும் தவறாமல் நடந்ததால் அது எனக்குத் தெரியவில்லை. இப்போது நின்றுபோனதும்தான் அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது என்றே தெரிந்தது.

ஒருநாள் காலையில் சாக்கைத் தூக்கியபோது எறும்புகள் இல்லை. ஆணியால் கீறினேன். ஆணி வழுக்கிக்கொண்டு போயிற்று. சுத்தியலால் மெல்லத் தட்டினேன். அடிபட்ட இடத்தில் தொடங்கிய சத்தம் தளம் முழுக்க ஓடி, மறுகோடியில் போய் அடங்கியது. காதை வைத்துப் படுத்துக்கொண்டு மறுபடியும் தட்டினேன். எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஆனால் மேலே இறுகியது உள்ளேயும் இறுகியிருக்கிறதா என்பது முட்டுகளைப் பிரித்தால்தான் தெரியும். வழக்கமான கெடு தாண்டியும் விட்டுவைத்தோம். என்ஜினீயர் ஓவர்சியரையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்தார். ஓவர்சியர் எழுதியதைப் படித்திருந்தார். அதிகம் பேசாமல் "பிரிங்க" என்றார்.

சுண்ணாம்பு வளைவு கட்டி அடிச்சாரத்தை எடுக்கும்போது, கட்டியவன் வளைவுக்குக் கீழே நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். யாரும் சொல்லாமலே கூடத்தின் நடுவில் போய் நின்றேன். சிலுவை போட்டுக்கொண்டேன். பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது.

"நீ எதுக்கு வந்த? வெளிய போ ஆத்தா."

"கருப்பட்டி போட்டது நான்ல" என்றாள் ஜக்கம்மாள்.

"சொன்னாக் கேளு."

"நீங்க செத்த சும்மா நில்லுங்க மொதலாளி."

ராமர் நடுவிலிருந்து முட்டுகளைத் தட்டத் தொடங்கினார். ஒவ்வொன்றும் சாயும்போது மேலே மெல்லிய முனகல். பலகைகள் கழன்று விழுந்தன. புழுதி எழுந்து ஒன்றும் தெரியாமல் போயிற்று. கடைசி முட்டு விழுந்ததும் சத்தமெல்லாம் நின்றது. ஜக்கம்மாள் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

புழுதி அடங்க நேரமாயிற்று. பிறகு அண்ணாந்து பார்த்தோம். சாம்பல் நிறத்தில் ஒரே விரிப்பாக, எதன் மேலும் சாயாமல் நின்றது. மாம்பலகையின் நரம்பும் கணுவும் அப்படியே அதில் பதிந்திருந்தன. ஒரு மரம் கல்லாகி எங்கள் தலைக்கு மேல் படுத்திருப்பது போல இருந்தது. மேலே மணல் மூட்டைகளை அடுக்கச் சொல்லி, கீழே நூல் கட்டித் தொய்வை அளந்தார் என்ஜினீயர். மூட்டைகளை இறக்கியதும் மறுபடி அளந்தார்; தொய்ந்த இடம் பழைய மட்டத்துக்கே திரும்பியிருந்தது. நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு தளத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இம்புட்டுக் கனம்" என்றாள் ஜக்கம்மாள். "நடுவுல எதைப் புடிச்சுக்கிட்டு நிக்குது?"

என்ஜினீயர் அவள் பக்கம் திரும்பினார். உள்ளே கம்பி இருக்கிறது என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி மேலே பார்த்தார்.

ஓவர்சியரோடு நான் மேலே ஏறினேன். விளிம்பில் அவருடைய கட்டைவிரல் குழி அப்படியே இருந்தது, ரேகைகூட அழியாமல். காலையில் தெளித்த தண்ணீர் அதில் துளி தேங்கியிருந்தது. ஓவர்சியர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். குனிந்து அந்தக் குழியில் கட்டைவிரலை வைத்து, உடம்பின் கனம் முழுவதையும் கொடுத்து அழுத்தினார்.